நிலத்தீவு மக்களும் இரு நாட்டு உடன்படிக்கையும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வேலியடைப்புக் காலம் வந்துவிட்டால், அயலவர் இருவர் கயிறு பிடித்து நின்று எல்லை பார்ப்பதைக் காணலாம். ஒரு கதியால் ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்பதற்காக இரண்டு மூன்று தலைமுறை நீதிமன்றப் படியேறிய குடும்பங்களை நம்மிற் பலர் அறிவோம். வழக்குச் செலவைக் கூட்டிப் பார்த்தால், அந்த ஒரு சாண் நிலத்தைப் போற் பத்து மடங்கு நிலம் வாங்கியிருக்கலாம். எனினும் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. வீட்டுக்கு வீடு உள்ள இவ்வியல்பு நாட்டுக்கு நாடும் உண்டு. ஆனால் ஒரு வேற்றுமை இருக்கின்றது. வீட்டு வேலிச் சண்டையின் செலவைச் சண்டை பிடித்தவர்களே கொடுக்கிறார்கள். நாடுகள் எல்லையைப் பற்றிப் பிணங்கும்பொழுதோ, அவ்வெல்லையில் குடியிருக்கும் ஏழை மக்களே அச்செலவைக் கொடுக்க நேர்கின்றது.

அத்தகைய பிணக்கு ஒன்று 1947ஆம் ஆண்டில் தொடங்கி 68 ஆண்டுகள் நீடித்து, 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31ஆம் திகதி நள்ளிரவில் முடிவுற்றது. இந்தியாவும் பங்களாதேஷும் தம்முள் 162 நிலத்துண்டுகளைக் கைமாற்றிக்கொண்ட வரலாறு அது. இராஜதந்திரம் என்பது பெரியோர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது மாத்திரமே என்று எண்ணும் நம் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

நிலத்தில் அமைந்த தீவுகள்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். நாற்புறமும் அந்நிய நாடு சூழ்ந்த நிலத்துண்டை என்னவென்று சொல்வது? வங்காள மக்கள் அதனைச் 'சிட்மஹல்' என்று அழைத்தார்கள். நாம் இங்கு அதனை நிலத்தீவு என்போம். கைமாற்றத்துக்கு முன்னர், பங்களாதேஷின் உள்ளே இந்தியாவுக்குச் சொந்தமான நிலத்தீவுகள் 111 இருந்தன. அவற்றின் பரப்பு 17,160 ஏக்கர். இந்தியாவின் உள்ளே பங்களாதேஷுக்குச் சொந்தமானவை 51. அவற்றின் பரப்பு 7,110 ஏக்கர். சில நிலத்தீவுகளின் உள்ளே மற்ற நாட்டின் நிலத்தீவும் இருந்தது. தஹலா கக்ராபாரி என்னும் இடத்திலோ, பங்களாதேஷின் உள்ளே ஓர் இந்திய நிலத்தீவு, அதனுள்ளே ஒரு பங்களாதேஷ் நிலத்தீவு, அதனுள்ளே இந்தியாவுக்குரிய ஒரு சிறு வயல் என்று வெங்காயத்தின் தோல்போல எல்லைகள் அமைந்திருந்தன. அவ்வயலின் பரப்பு இரண்டு ஏக்கரும் இல்லை.

கூச்பிகார் மன்னரும் ரங்பூர் அதிபதியும் சதுரங்கம் ஆடியபொழுது கிராமங்களைப் பணயமாக வைத்ததனால் இவை தோன்றின என்று அப்பகுதியில் ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானதே, ஆனால் வரலாறு வேறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச்பிகார் அரசுக்கும் மொகலாயருக்கும் நடந்த போர் உடன்படிக்கையில் முடிந்தபொழுது, இரு சாராரும் எதிரியின் நிலப்பரப்பில் சிதறலாகத் தம் பிடியில் வைத்திருந்த நிலங்களைத் தமக்கெனவே வைத்துக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில் இதனால் எவருக்கும் பெருந்துன்பம் நேரவில்லை. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1949இல் கூச்பிகார் இந்தியாவுடன் இணைந்தது. பழைய அரசர்களின் சிதறிய நிலங்கள் இரண்டு தேசங்களின் சிதறிய நிலங்களாயின.

அங்கு வாழ்ந்தோரின் நிலைமையைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். 1952இல் இரு நாடுகளுக்குமிடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாக்கப்பட்டன. நிலத்தீவில் இருப்பவன் கடவுச்சீட்டுப் பெறவேண்டுமாயின் தன் சொந்த நாட்டின் அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். அங்குச் செல்வதற்கு இடையிலுள்ள அந்நிய நாட்டைக் கடக்கவேண்டும். அதனைக் கடப்பதற்குக் கடவுச்சீட்டு வேண்டும்! சட்டத்தை மதித்து வாழ விரும்பியவனும், வாசலைத் தாண்டியவுடன் குற்றவாளியானான்.

அவனுடைய நாட்டின் பொலிஸ் அங்கு வரமுடியாது. சூழ்ந்துள்ள நாட்டின் பொலிஸுக்கு அங்கு அதிகாரமில்லை. ஆகவே களவு போனால் முறையிட இடமில்லை. மின்சாரக் கம்பிகள் அயற்கிராமம் வரை வந்து நின்றன. பாடசாலை இல்லை; வைத்தியசாலை இல்லை. பிள்ளையைப் படிப்பிக்க விரும்பிய பெற்றோர், அயற்கிராமத்தில் உள்ள எவரையேனும் தந்தையெனக் காட்டிப் பெயர் பதிந்தார்கள். பிரசவத்துக்குச் சென்ற பெண்கள் வேறொருவர் பெயரைக் கணவன் பெயராகச் சொல்லவேண்டியிருந்தது. தன் பிள்ளையின் தந்தை யார் என்பதைப் பொய் சொல்லித்தான் மருந்து பெறலாம் என்னும் நிலை எத்தனை கொடியது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒப்பமிட்டும் நிறைவேறாத உடன்படிக்கை

இதனைத் தீர்க்க எவரும் முயலவில்லை என்று கூறுதல் தகாது. 1958 செப்டம்பரில் ஜவஹர்லால் நேருவும் பாகிஸ்தான் பிரதம மந்திரி பிரோஸ்கான் நூனும் நிலத்தீவுகளை மாற்றிக்கொள்ள இணங்கினார்கள். பேருபாரி என்னும் பகுதியைப் பங்கிடுவதும் அவ்விணக்கத்தில் அடங்கும். எதிர்ப்பு எழுந்தது. நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுப்பதாயின் அரசியலமைப்பையே திருத்தவேண்டும் என 1960இல் இந்திய உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. திருத்தமும் அவ்வாண்டே செய்யப்பட்டது. ஆயினும் வழக்குகள் தொடர்ந்தன. 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போர் புரிந்தன. காரியம் கிடப்பிலே கிடந்தது.

1971இல் பங்களாதேஷ் பிறந்தது. 1974 மே 16ஆம் திகதி புதுடில்லியில் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் நில எல்லை உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அவ்வாண்டே பங்களாதேஷ் தன் அரசியலமைப்பைத் திருத்தி அதனை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முஜிபுர் ரஹ்மான் கொலையுண்டார். இந்தியாவோ 41 ஆண்டுகள் கழித்தே தன் கடமையை நிறைவேற்றிற்று. இடையில் நிகழ்ந்தது ஒன்றே ஒன்று எனலாம். பங்களாதேஷுக்குரிய தஹக்ராம், அங்கர்போதா என்னும் பெரிய நிலத்தீவுக்குச் செல்ல, 'தீன் பீகா' என்ற இடத்தில் 178 மீற்றர் நீளமும் 85 மீற்றர் அகலமுமுள்ள ஒரு பாதை 1992 ஜூனில் குத்தகைக்கு விடப்பட்டது. அதுவும் முதலில் பகலிற் சில மணி நேரத்துக்கே திறந்தது. இரவில் நோயாளி ஒருவரைக் கொண்டு செல்ல வேண்டுமாயின் விடியும்வரை காத்திருத்தல் வேண்டும். 2011இலேயே அப்பாதை இரவும் பகலும் திறக்கப்பட்டது.

ஏன் இத்தனை தாமதம்? கணக்கிலே இந்தியா ஏறத்தாழ 10,000 ஏக்கரைக் கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருந்தது. ஓர் அங்குலமும் கொடோம் என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் கொடுக்கமாட்டோம் என்று கூறிய அந்நிலத்தில் ஒரு பாடசாலை கட்டவோ, ஒரு தபாற்பெட்டி வைக்கவோ இந்தியாவால் முடிந்ததில்லை. தேசப்படத்தில் மாத்திரம் இருந்த உடைமைக்காக மண்ணில் வாழ்ந்த மாந்தர் காத்துக்கிடந்தனர்.

நம்பிக்கை வந்த வழி

எல்லைக்கோடு ஒன்று தானாகத் தீர்வதில்லை. அதற்கு முன்னே வேறு வழிகளில் நம்பிக்கை பிறக்கவேண்டும். இவ்விரு நாடுகளுக்குமிடையே அந்நம்பிக்கை முதலில் பாதுகாப்பு விடயத்தில் பிறந்தது. 2004 ஏப்ரலில் சிட்டகாங்கில் பத்து லொறிகள் நிறைந்த ஆயுதங்கள் பிடிபட்டன. அவை இந்தியாவின் அஸாம் மாநிலத்திலே போராடிய ஆயுதக் குழுவுக்குச் செல்லவிருந்தவை எனப் பின்னர் வெளியாயிற்று. அக்காலத்தில் உறவு கசப்புற்றிருந்தது. 2009இல் ஷேக் ஹசீனாவின் அரசாங்கம் பதவியேற்ற பின்னர், அக்குழுவின் தலைவர்கள் இந்தியாவின் கைக்கு வந்து சேர்ந்தனர். அயலான் வளவு நமக்குத் தீங்கு செய்வோரின் ஒளிப்பிடமாகாது என்ற உறுதி இந்தியாவுக்குக் கிடைத்தது. 2013இல் குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கையும் செய்யப்பட்டது.

வர்த்தகத்தில் கைம்மாறு வந்தது. 2011இல் மதுபானமும் புகையிலையும் தவிர்ந்த ஏனைய பங்களாதேஷ்ப் பொருள்களுக்கு இந்தியா தீர்வை நீக்கிற்று. அவ்வாண்டு ஜூலையிலேயே, மேகாலயாவின் கலாய்ச்சார் என்னும் ஊரின் எல்லையில் முதலாவது எல்லைச் சந்தை திறக்கப்பட்டது. கோட்டின் இருபுறத்துக் கிராமவாசிகளும் தத்தம் நாட்டு நாணயத்தைக் கொண்டே காய்கறி, பழம், துணிமணி முதலியவற்றை அங்கு வாங்கலாம், விற்கலாம், தீர்வை இல்லை. ஒருவர் வாங்கத்தக்க தொகைக்கு வரம்பு உண்டு. கோடிக்கணக்கான வர்த்தகம் பெட்ராபோல், பேனாபோல் தரைவாயில் ஊடாக லொறிகளிற் செல்கின்றது. அதனோடு ஒப்பிட்டால் இச்சந்தை கடுகளவு. ஆயினும், பிரிவினைக்கு முன் ஒரே சந்தைக்கு வந்து போன மக்கள் மீண்டும் ஒளிப்பின்றி முகம் பார்த்துப் பண்டம் மாற்ற அது இடமளித்தது.

2014 ஜூலையில் மற்றொன்று நிகழ்ந்தது. வங்காள விரிகுடாவிலே பிணக்குற்ற 25,602 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பில், 19,467 பங்களாதேஷுக்கு உரியதென்று சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பெரிய நாடான இந்தியா முணுமுணுக்காமல் அதனை ஏற்றுக்கொண்டது. சிறிய அயலானுக்கு இதைவிடச் சிறந்த நல்லெண்ணச் சான்று வேறு வேண்டுமா?

2015 மே மாதத்தில் அரசியலமைப்பின் நூறாவது திருத்தம் இந்தியப் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் நிறைவேறிற்று. எதிர்த்து ஒரு வாக்கேனும் விழவில்லை. எதிர்க்கட்சியாயிருந்தபொழுது இத்திட்டத்தை மறுத்த கட்சியே ஆட்சிக்கு வந்தபின் அதனை முன்வைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஜூன் 6ஆம் திகதி டாக்காவில் நரேந்திர மோடியும் ஷேக் ஹசீனாவும் முன்னிற்க உறுதிப் பத்திரங்கள் பரிமாறப்பட்டன.

கேட்கப்பட்ட கேள்வி

இவை அனைத்திலும் நம் நெஞ்சைத் தொட்டது, ஜூலை மாதத்திலே நடந்த ஒரு சிறு காரியமாகும். இரு நாட்டு அதிகாரிகளும் கூட்டாக நிலத்தீவுகளில் வீடு வீடாகச் சென்றார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 51,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது: "நீங்கள் எந்த நாட்டின் பிரஜையாக இருக்க விரும்புகிறீர்கள்?" இருந்த இடத்திலேயே இருந்து, புதிய நாட்டின் பிரஜையாகலாம், அன்றேல் பழைய நாட்டுக்குக் குடிபெயரலாம்.

விடை எவரும் எதிர்பாராத வகையில் அமைந்தது. இந்திய நிலத்தீவுகளில் இருந்த 37,000 பேருக்கு மேற்பட்டோரில், இந்தியாவுக்குச் செல்ல விரும்பியோர் ஆயிரத்துக்கும் குறைவு. பங்களாதேஷ் நிலத்தீவுகளில் இருந்த 14,000 பேரில், பங்களாதேஷுக்குச் செல்ல விரும்பியவர் ஒருவருமில்லை. நாட்டின் பெயர் எதுவாயினும் ஆகுக, பாட்டன் தோண்டிய கிணற்றையும் தந்தையை அடக்கஞ் செய்த மண்ணையும் விட்டுப் போகமாட்டோம் என்பதே அவர்கள் கூறிய விடையின் பொருள். 2016 மே மாதம் மேற்கு வங்காளத் தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தம் வாழ்நாளின் முதல் வாக்கை அன்று அளித்தார். பங்களாதேஷ்ப் பக்கத்தில், தாஸியார்சரா முதலிய ஊர்களுக்குச் சில மாதங்களிலேயே மின்விளக்கு வந்தது.

குறையொன்றும் இல்லை என்று நாம் கூறவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் பெயர் விடுபட்டோருக்குத் தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இந்தியாவைத் தெரிந்து சென்ற குடும்பங்கள் தீன்ஹாட்டா முதலிய இடங்களில் தகரக் கொட்டகை முகாம்களில் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தன. நிலம் மாறிற்று, எல்லைக்காவலின் கடுமை மாறவில்லை. 2011 ஜனவரியில் முட்கம்பி வேலியைக் கடந்து தன் ஊருக்குத் திரும்ப முயன்ற 15 வயதுச் சிறுமி ஒருத்தி சுடப்பட்டு, அவள் உடல் பல மணி நேரம் அவ்வேலியிலே தொங்கிற்று. 4,096 கிலோமீற்றர் நீளமான அவ்வெல்லையில் அதன் பின்னரும் துப்பாக்கிச் சூடுகள் நின்றபாடில்லை. தீஸ்தா நதிநீரைப் பங்கிடும் உடன்படிக்கை 2011இல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, மேற்கு வங்காள மாநில அரசின் மறுப்பினால் நின்றுபோயிற்று.

நமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

எங்கோ வங்காளத்து வயல்களில் நடந்ததை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏன் அறியவேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும். நம் மலைநாட்டு மக்களின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30ஆம் திகதி, இலங்கையும் இந்தியாவுமாகிய இரு அயல்நாடுகள், ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையினால் இப்பிரச்சினையைத் தீர்க்க முனைந்தன. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று வகுத்தார்கள். 1974இல் அவ்வெஞ்சியோரும் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர்.

அவ்வுடன்படிக்கையும் நல்லுறவின் பெயராலேயே செய்யப்பட்டது. ஆனால் அங்கு எண்ணிக்கை முதலில் தீர்மானிக்கப்பட்டது. மக்களின் விருப்பம் பின்னரே கேட்கப்பட்டது. விண்ணப்பித்தோரின் விருப்பமும் ஒப்பந்தத்தின் பங்கீடும் ஒத்துவரவில்லை. தாய் ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்கும் எழுதப்பட்ட குடும்பங்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. வங்காளத்தில் வீடு வீடாகச் சென்று கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வியின் அருமை, இதனோடு ஒப்பிடும்பொழுதே நமக்கு நன்கு விளங்குகின்றது.

2024 ஆகஸ்ட் 5ஆம் திகதி ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு இந்தியாவுக்குச் சென்றார். அதன்பின் இரு நாட்டுறவில் விரிசல் கண்டது. 2025இல் பங்களாதேஷ் தரைவழி நூல் இறக்குமதியை நிறுத்திற்று. இந்தியா அந்நாட்டு ஆடைகள் தரைவழி வருவதைத் தடுத்தது. எல்லைவேலி அமைப்பது பற்றிக் காவற்படைகளுக்கிடையே வாக்குவாதமும் நிகழ்ந்தது. ஓர் ஆட்சியாளரின் நட்பை நம்பி எழுப்பிய உறவு, அவ்வாட்சியாளரோடு தளர்வதை இங்குக் கண்டோம். 30 ஆண்டுகளுக்கென 1996 டிசம்பரில் செய்யப்பட்ட கங்கை நீர் உடன்படிக்கையின் தவணை 2026 டிசம்பருடன் நிறைவுறுகின்றது என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

எனினும், இத்தனை பிணக்கின் நடுவிலும், அந்த 162 நிலத்தீவுகளில் ஒன்றேனும் மீளத் தோன்றவில்லை. பிரஜையானவன் நாடற்றவனாக மாறவில்லை. பாடசாலைக்குப் போகும் பிள்ளை தன் தந்தையின் பெயரை மறைக்கவில்லை. அதற்குக் காரணம், அவ்வேற்பாடு இரு தலைவர்களுக்கிடையே மாத்திரம் நின்றுவிடாமல், இரு பாராளுமன்றங்களின் சட்டத்திலும் ஐம்பதாயிரம் பேரின் சொந்தத் தெரிவிலும் வேரூன்றியதே என்பது நம் கருத்து.

அடுத்த முறை வீட்டிலே பிள்ளைகள் தேசப்படத்தை விரித்து எல்லைக்கோடுகளுக்கு நிறந்தீட்டும்பொழுது, பெற்றோர் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அக்கோடு எத்தனை மெல்லியதாயினும் அதன்மீது வீடுகள் உண்டு. இரு நாடுகள் கூடிப் பேசுகின்றன என்ற செய்தியைப் பத்திரிகையிற் படிக்கும்பொழுது, யார் எத்தனை ஏக்கர் பெற்றார், யார் எத்தனை கோடி ஈட்டினார் என்பதோடு, அவ்வீடுகளில் இருப்போரை எவரேனும் போய்க் கேட்டார்களா என்பதையும் தேடிப் படிக்கப் பழகுவோமாக.